வராத பிள்ளையைத் தேடிப் போகவேண்டும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் மாதாமாதம் கிளினிக் நடக்கிறது. மிட்வைப் வருகிறார், திரிபோஷாச் சத்துமா கொடுக்கிறார்கள், ஊசியும் போடுகிறார்கள். ஆனாலும் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வயதுக்கேற்ற நிறை இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு மாதமாகப் பள்ளிக்கே வரவில்லை. பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமான சுகாதார சேவையை எப்படித்தான் திருத்துவது? எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதும் இருக்கிறதா?"

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமாதாக, அதுதான் மிட்வைப்பாக, வேலை செய்து ஓய்வுபெற்றவள். அதில் பெரும் பகுதி வாவிக்கு மேற்கேதான், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி என்று. நான் சொல்லப்போவது பலது இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கிளினிக்குக்கு வந்த பிள்ளையை நாங்கள் நன்றாகப் பார்க்கிறோம். வராத பிள்ளையைத் தேடிப் போவதில்தான் தவறுகிறோம். சேவையைத் திருத்துவது என்றால் அங்கேதான் தொடங்கவேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் குறையை மட்டும் பேசுவது நியாயமில்லை. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். ஒரு வைத்திய அதிகாரி, அவரோடு பரிசோதகர், மருத்துவமாது, ஒவ்வொரு மருத்துவமாதுக்கும் ஒரு பகுதி. அந்தப் பகுதியில் உள்ள ஒவ்வொரு வீடும் அவருடைய பொறுப்பு. நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வா என்று காத்திருக்காமல் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஏற்பாடு அது. இன்றைக்கும் நமது நாட்டின் தாய் சேய் சேவைக்கு அதுதான் முதுகெலும்பு. 1978 இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் வந்தது. அதே வருடம் நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதையும் எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். இளம்பிள்ளைவாதம் கடைசியாக 1993 இல் கண்டதோடு சரி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்கு வீடு மலேரியாக் காய்ச்சல். 2016 இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சண்டைக் காலத்திலும் நாங்கள் ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டி ஓடத்தில் ஏற்றிக்கொண்டு ஊசி போடப் போனோம். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பீ.சீ.ஜி, இரண்டு, நான்கு, ஆறு மாதத்தில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, ஒன்பது மாதத்தில் சின்னமுத்துக்கான ஊசி. படுவான்கரைத் தாய் ஒருத்தி எழுத்து வாசிக்கத் தெரியாதவளாக இருந்தாலும் இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லுவாள்.

அப்படியென்றால் ஊசியில் வென்ற நாம் நிறையில் ஏன் தோற்கிறோம்? ஊசி கிளினிக்கில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. நிறை கூடுவதும் குறைவதும் மற்ற இருபத்தொன்பது நாளும் வீட்டில் நடக்கிறது. நாங்கள் தராசில் போட்டுப் புள்ளி வைத்து, "நல்லாச் சாப்பாடு குடுங்க" என்று சொல்லி அனுப்பினால் அந்த வீட்டில் எதுவும் மாறாது.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்ப் பெயரை விடுகிறேன். ஆண் பிள்ளை, வயது பதினாலு மாதம். தாய் கச்சான் பிடுங்கும் கூலிக்குப் போகிறவள். எங்கள் கிளினிக் நாள் அந்த ஊரின் வேலை நாள். கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலி போகும். இரண்டு மாதம் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு நேரே "வரவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். மூன்றாம் மாதம்தான் போனேன். குளக்கட்டுக்கு அங்காலே தகரக் கூரை போட்ட ஒரு வீடு. பொழுதுபட்டால் யானை இறங்கும் இடம் என்பதால் மூன்று மணிக்குள் திரும்பவேண்டும். அம்மம்மா கிளினிக் கொப்பியை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக் கூரைக் கம்பில் செருகி வைத்திருந்தா. நீல நிறக் கொப்பி. ஒரு மடிப்புக்கூட இல்லாமல் அவ்வளவு பத்திரமாக இருந்தது. பிரித்து நிறைக் கோட்டைப் பார்த்தேன். கடும் பச்சை என்றால் நல்ல நிறை, வெளிர் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று இறங்க இறங்க நிறை குறைவு. ஆறு மாதம் வரை கோடு கடும் பச்சையில் போகிறது. ஒன்பதாவது மாதம் வெளிர் பச்சைக்கு இறங்குகிறது. பதினோராவது மாதம் செம்மஞ்சள். அதற்குப் பிறகு புள்ளியே இல்லை. மாமரக் கொப்பில் தராசைத் தொங்கவிட்டு நிறுத்தோம். 6.9 கிலோ, சிவப்புக்குள்ளே. கைச் சுற்றளவு நாடா 11.2 சென்ரிமீற்றர் காட்டியது. 11.5 க்குக் கீழே போனாலே உயிருக்கு ஆபத்தான போசாக்கின்மை என்பது கணக்கு.

அம்மம்மாவை ஏசினேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் மனம் வலிக்கிறது. "என்னத்தக் குடுக்கிறீங்க பிள்ளைக்கு?" என்று சத்தம் போட்டேன். அவ நிதானமாகத் திருப்பிக் கேட்டா: "மூணு மாசமா எங்க மிஸ் போன நீங்க?"

உட்கார்ந்து கதைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பிள்ளைக்கு வயிற்றோட்டம். கட்டு இல்லாத கிணறு, பக்கத்திலேயே மாடு கட்டுகிறார்கள், மழைத் தண்ணி நேரே உள்ளே இறங்குகிறது. மாதத்துக்குக் கிடைக்கும் இரண்டு பக்கற் திரிபோஷாவை வீட்டில் இருந்த நான்கு பிள்ளைகளும் தின்ன, நாலைந்து நாளில் முடிந்துவிடும். பல் முளைக்காத பிள்ளைக்குச் சோறு செமிக்காது என்று கஞ்சித் தண்ணியைத்தான் பருக்கியிருக்கிறா. பிள்ளை பட்டினி கிடக்கவில்லை, நாள் முழுக்க வயிறு நிறையத் தண்ணிதான் குடித்திருக்கிறது.

ஆட்டோவுக்குக் காசு சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய செய்தி எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் கடைக்கு வந்த ஒரு பெண் சொல்லி. துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அந்தத் துண்டு எங்கள் பணிமனைக்கு வரவே இல்லை. அதற்குப் பிறகு நான் கிழமைக்கு ஒரு தரம் போனேன். பீ.எச்.ஐ தம்பி, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டார். பிள்ளையின் மாமன் கிணற்றுக்கு மூன்றடி உயரத்தில் கட்டு எழுப்பினான். ஐந்து மாதத்தில் கோடு வெளிர் பச்சைக்கு ஏறியது.

சேவையில் எங்கெங்கே ஓட்டை என்று பார்க்க இந்த ஒரு பிள்ளையே போதும்.

கிளினிக் முடிந்து தராசைக் கட்டுவதற்கு முன்னாலே, அன்றைக்கு வரவேண்டியிருந்து வராதவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதவேண்டும். பெயருக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதவேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்டு எழுதவேண்டும். ஏழு நாளுக்குள் யாராவது ஒருவர் அந்த வீட்டு வாசலில் நிற்கவேண்டும். நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆறேழு வருடம் இப்படித்தான் செய்தேன். நாலு மாதத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் காரணங்கள் தாமாகவே கூட்டம் கூட்டமாக நிற்கும். பெரும்போக விதைப்பு, அறுவடை, கச்சான், கோயில் சடங்கு, மழைக்குப் பாதை முறிந்தது, பஸ் வரவில்லை. அப்புறம் என்ன, கிளினிக் நாளை மாற்றலாம். சுகாதார வைத்திய அதிகாரி மனம் வைத்தால் ஒரு கிராமத்தின் கிளினிக்கை வேலை இல்லாத நாளுக்கோ பின்னேரத்துக்கோ மாற்றுவது ஒரு கடிதத்தில் முடிகிற விஷயம்.

2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய்மாருக்கு எவ்வளவு லேசாகிப் போனது என்று கண்ணால் கண்டவள் நான். முன்பு பாதைக்கு, அதாவது ஆளை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு, காத்து நின்று, நோவோடு வாவியைக் கடந்தவர்கள் எத்தனை பேர். பாலமும் சுகாதார சேவைதான். ஆனால் உள்ளூரில், குளக்கட்டுக்கு அங்காலே இருக்கிற வீட்டுக்கு இன்னும் பாலம் வரவில்லை, அங்கே மிட்வைப்பின் கால்தான் பாலம்.

அந்தக் கால்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மூவாயிரம் பேருக்கு ஒரு மருத்துவமாது என்பது கணக்கு. பல இடங்களில் ஒருவரே பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பதில் கடமை பார்க்கிறார். அப்படிப் பார்க்கும்போது முதலில் கைவிடப்படுவது வீட்டுத் தரிசிப்புத்தான், ஏனென்றால் கிளினிக்கைத் தவறவிட்டால் கேள்வி வரும், வீட்டுக்குப் போகாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். 2022 இல் பெற்றோல் இல்லாமல் எங்கள் மருத்துவமாதுப் பிள்ளைகள் பட்ட பாடு சொல்லி மாளாது. திரிபோஷாவும் அந்த வருடம் மாதக்கணக்கில் தடைப்பட்டது, சோளம் கிடைக்காமல். எனவே யாராவது மாகாண சுகாதாரத் திணைக்களத்தில் பேசும் வாய்ப்புக் கிடைத்தால் மூன்றைக் கேளுங்கள். படுவான்கரை, கிரான், வாகரை போன்ற இடங்களில் வெற்றிடத்தை முதலில் நிரப்பவேண்டும், முடிந்தளவு அந்தந்தப் பகுதிப் பிள்ளைகளையே 18 மாதப் பயிற்சிக்கு எடுக்கவேண்டும். எரிபொருட் காசைத் தூரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும், நகரத்துக்கும் காட்டோரத்துக்கும் ஒரே அளவு கூடாது. பதிவேடு எழுதும் நேரத்தைக் குறைக்கவேண்டும். ஒரே விவரத்தை நாலு கொப்பியில் எழுதிய கை என்னுடையது, அதனால் சொல்கிறேன்.

சரி, வீட்டுக்குப் போனால் யாரோடு கதைப்பது? தாயோடு என்றுதான் புத்தகத்தில் இருக்கும். நம் மட்டக்களப்பில் அது போதாது. இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு ஒரே வளவில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் தாய் பின்னாலே ஒரு சின்ன வீட்டில் இருப்பா. ஆகவே பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா. என்ன ஊட்டுவது, எப்போது ஊட்டுவது, பிள்ளைப்பெற்றவளுக்கு எத்தனை நாள் பத்தியம், எல்லாம் அவவின் தீர்மானம். நாங்கள் இருபது வயது மகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவோம், அவள் வீட்டுக்குப் போய்த் தாயின் சொல்லைத்தான் கேட்பாள். அதில் பிழையும் இல்லை. இந்த உறவு நமக்குக் கிடைத்திருக்கிற பெரிய பலம். வெளிநாடுகளில் பிள்ளைப்பெற்றவள் தனியே அழுகிறாள், இங்கே அவளைச் சுற்றி நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரையும் கிளினிக்குக்குக் கூப்பிடாமல் விடுவதுதான் நம் பிழை.

நான் பிற்காலத்தில் அம்மம்மாமாரை மட்டும் கூட்டி ஒரு சமையல் வைப்பேன். அறிவுரை சொல்வதில்லை. அவர்கள் கையாலேயே சமைக்கவிடுவது. குழையச் சோறு, பாசிப்பயறு, ஒரு பிடி முருங்கையிலை, முள் எடுத்த களப்பு மீன் அல்லது இடித்த நெத்தலி, கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். மசித்துக் கரண்டியில் எடுத்துச் சரித்தால் வழியாமல் நிற்கவேண்டும். வழிந்தால் தண்ணி, நின்றால் சாப்பாடு. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு இப்படித்தான் தொடங்கவேண்டும், பல்லைப் பார்க்கத் தேவையில்லை. எருமைத் தயிர் நம் ஊரில் பேர்போன சாமான், பிள்ளை ஒரு வயதைத் தாண்டினால் அதுவும் நல்லது. ஒரு தரம் ஒரு கிழவி கரண்டியைச் சரித்துப் பார்த்துவிட்டு, "இதத்தான் முதல்லயே காட்டியிருக்கலாமே மிஸ்" என்றா. அன்றைக்கு நான் என் பையில் இருந்த துண்டுப்பிரசுரக் கட்டை வெளியே எடுக்கவே இல்லை.

தாய் மத்திய கிழக்குக்குப் போய்விட்ட வீடுகளை வேறாகப் பார்க்கவேண்டும். சின்னப் பிள்ளை உள்ள தாய் வெளிநாடு போவதற்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013 இல் விதி வந்தது. முதலில் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகியிருக்கவேண்டும் என்று இருந்ததை 2022 இல் இரண்டு வயது என்று குறைத்தார்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது விதியைச் சுற்றி வழி தேடுகிறவர்களை நான் குறைசொல்லமாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: அறிக்கையில் கையெழுத்து வைத்த பிறகு அந்தப் பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது யார் போய்ப் பார்ப்பது என்று ஒருவர் பெயரை எழுதி வைக்கவேண்டும். நிறையும் உயரமும் மட்டும் இல்லை, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, இரவில் யாரோடு படுக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஏதும் தப்பாகத் தெரிந்தால் 1929, அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். தாய்மாரின் மனநிலைக்கு 1926 என்ற இலக்கத்தில் பேசலாம், பெண்களுக்கு வரும் கொடுமைக்கு 1938. அவசர அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. இந்த நான்கையும் முன்பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

பதினெட்டு வயது ஆகாத பெண் பிள்ளைகள் கர்ப்பம் தரிப்பது நம் மாவட்டத்தில் உள்ள பெரிய துன்பம். பொலிஸ் வரும் என்ற பயத்தில் வீட்டார் ஒளித்துவிடுவார்கள், முதல் பதிவே ஐந்தாம் ஆறாம் மாதத்தில்தான் நடக்கும். எட்டு வாரத்துக்கு முன் பதியவேண்டியது. இரத்தசோகை, குறைந்த நிறையில் குழந்தை, எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பிள்ளையை வாசலில் கண்டால் ஏசாமல் உள்ளே கூப்பிட்டு இருத்துங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொரு ஓட்டை, அலுவலகங்களுக்கு இடையில். ஒரு ஏழைக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் நிறை மருத்துவமாதுக்குத் தெரியும். கிணறும் மலசலகூடமும் பீ.எச்.ஐக்குத் தெரியும். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம் கிடைக்கிறதா இல்லையா என்பது பிரதேச செயலகத்துக்குத் தெரியும். பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பன் கசிப்புக் குடித்து அடிக்கிறான் என்பது கிராம சேவகருக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அந்தப் பிள்ளை விழுகிறது, ஏனென்றால் இவர்கள் ஒரு மேசையில் இருப்பதில்லை. இதற்கென்றே கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழு என்று ஒன்று இருக்கிறது, பிரதேச மட்டத்திலும் ஒன்று இருக்கிறது. பல ஊரில் கூட்டம் என்றால் விளக்கேற்றி, வரவேற்புரை, நன்றியுரை, தேத்தண்ணி. ஒரு தரம் நான் ஒரு கூட்டத்தில் எழுந்து, "இந்த ஊரில் சிவப்பில் இருக்கிற பிள்ளைகள் ஏழு பேர், ஒவ்வொரு பிள்ளையாகப் பேசுவோம்" என்று கேட்டேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. முடிவில் இரண்டு வீட்டுக்கு மலசலகூட உதவி, ஒரு வீட்டுக்கு அஸ்வெசும மேன்முறையீடு, ஒரு பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு. அந்தப் பதிவு இல்லாமல்தான் அவர்களுக்கு எந்த உதவியும் வராமல் இருந்தது. பிறந்து 42 நாளுக்குள் செய்திருக்கவேண்டிய பதிவு அது. வேறு எந்தக் கூட்டத்திலும் நான் இவ்வளவு வேலை நடந்து பார்த்ததில்லை.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே மாவட்டம் என்றாலும் சுகாதாரத்தில் அம்பாறை வேறு பிராந்தியம், கல்முனை வேறு பிராந்தியம். திருக்கோவில், அக்கரைப்பற்று, காரைதீவு, நிந்தவூர்ப் பக்கத்தவர்கள் கோரிக்கை கொடுப்பதென்றால் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கொடுக்கவேண்டும். தவறான கதவைத் தட்டி ஆறு மாதம் வீணாக்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

எலிக்காய்ச்சலையும் சொல்லாமல் விடக்கூடாது. வயலில் இறங்கும் தகப்பன் ஒருவரை அது கொண்டுபோனால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் நிறையும் அடுத்த மாதமே இறங்கும். போகம் தொடங்குமுன் பீ.எச்.ஐயிடம் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். தகப்பன்மார் கிளினிக்குக்கு வராவிட்டாலும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு வருவார்கள், அவர்களோடு அங்கே போய்த்தான் பேசவேண்டும்.

தங்கச்சி, உங்களால் என்ன செய்யமுடியும் என்று கேட்டீர்கள். உங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருடைய கிளினிக் கொப்பியையும் ஒரு நாள் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசியாக வைத்த புள்ளி எந்த மாதம், எந்த நிறத்தில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று மாதமாகப் புள்ளி இல்லாதவர்கள், செம்மஞ்சளிலும் சிவப்பிலும் இருப்பவர்கள், கோடு நேராகப் படுத்துவிட்டவர்கள், இந்த மூன்று வகைப் பிள்ளைகளின் பெயரை உங்கள் மிட்வைப்பிடம் கையிலே கொடுங்கள். பச்சையில் இருந்தாலும் இரண்டு மாதமாக நிறை கூடாத பிள்ளையை விட்டுவிடாதீர்கள், இறங்கப் போகிற பிள்ளை அதுதான். கொப்பியில் வளர்ச்சிப் படிகள் எழுதிய பக்கமும் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மூன்று வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை உங்கள் கண்ணில்தான் முதலில் படும். "வளர வளரச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

பள்ளிக்கு வராத அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் இந்தக் கிழமையே போய் வாருங்கள். வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை. வாசலில் நின்று கேள்வி கேட்காமல் உள்ளே போய் அம்மம்மாவோடு இருந்து கதையுங்கள். தண்ணி எங்கே அள்ளுகிறார்கள் என்று பாருங்கள். பிறகு கொப்பியைக் கேளுங்கள், அநேகமாகக் கூரையில்தான் செருகி வைத்திருப்பார்கள்.